கெற்றப்போலுக்கு மண்ணுருண்டை: ஒரே நிறையில உருட்டி, அடிச்சு, அளந்து பாத்தது

15 மீற்றர் தூரத்தில மாங்கொப்பில தொங்கிற ரெண்டடிக்கு ரெண்டடித் தகரத்தில கெற்றப்போலால (ரெண்டாப் பிரியிற கவர்க்கொப்பில றப்பர் கட்டி அடிக்கிற கவண்) இப்ப பத்து உருண்டை அடிச்சா எட்டு ஒன்பது படுது. தை மாசம் இதே கெற்றப்போலால நான் அடிச்சா பாதி பட்டாலே பெரிய காரியம், மிச்சம் எல்லாம் தகரத்துக்கு மேலாலயும் கீழாலயும் போயிடும். கை பழகினது கொஞ்சம் இருக்கு, இல்லை எண்டு சொல்லேல்லை, ஆனா உண்மையில மாறினது உருண்டைதான். அதைத்தான் எழுதப்போறன்.

முதல்ல என்னத்துக்கு இந்த வேலை எண்டு சொல்லிப்போட்டுப் போறன். எங்கட வளவு யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில, கறுத்தக்கொழும்பு மாமரம் மூண்டு, பிலா ரெண்டு. காய் முத்திற நேரம் காகம், கிளி, அணில் எல்லாம் வரும், அதுகளோட காலங்காலமா சமாளிச்சாச்சு, இப்ப கொஞ்ச வருசமா மந்தியும் குடும்பத்தோட வரத் தொடங்கிட்டுது. வெடி கொளுத்தினா நாய் கட்டிலுக்குக் கீழ போய்ப் படுத்திடும், பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை எழும்பிடும். அதால மரத்துக்கு மரம் தகரம் கட்டி, விறாந்தையில நிண்டு கெற்றப்போலால அந்தத் தகரத்துக்கு அடிக்கிறது. சத்தத்துக்கு எல்லாம் எழும்பிப் போகும். சீவனுக்கு அடிக்கிறேல்லை, அது எங்கட வீட்டுச் சட்டம்.

கல்லு ஏன் பாவிக்கேல்லை எண்டு கேப்பியள். சல்லிக்கல்லு ஒண்டைப் போல ஒண்டு இல்லை, ஒண்டு தட்டை, ஒண்டு கூர், விட்டா எங்க போகும் எண்டு அதுக்கே தெரியாது. போளை (பெடியள் விளையாடுற கண்ணாடிக் குண்டு) நல்ல வட்டம், நல்ல நிறை, 16 மில்லிமீற்றர்ப் போளை ஒண்டு 5.3 கிராம் கிட்ட வரும், உருண்டைக்கு உருண்டை பெரிசா வித்தியாசமும் இல்லை. ஆனா தகரத்தில பட்டுத் தெறிச்சா அடிச்ச ஆளிட்டையே திரும்பி வரும், படாட்டிப் பக்கத்து வளவுக்குள்ள விழும். பக்கத்து வளவு மாமி அப்பவே சொல்லிப்போட்டா: "தம்பி, என்ர ஓடு ஒண்டு உடைஞ்சாலும் நீதான் ஏறி மாத்தித் தரோணும், சொல்லிப்போட்டன்." இப்ப அவவின்ர கூரையில சோலர் பனலும் பூட்டிக் கிடக்கு, ஓடு எண்டா மாத்தலாம், அதை மாத்த என்னால ஏலாது. மண்ணுருண்டை எண்டா எதில பட்டாலும் தூளாப் போயிடும், மழை வந்தாக் கரைஞ்சிடும், பொறுக்கத் தேவையில்லை. அதால மண் எண்டு முடிவு.

கெற்றப்போல் கவர் கொய்யா. பச்சையா வெட்டி ரெண்டு பக்கக் கொப்பையும் கயித்தால இழுத்துக் கட்டி, குசினிப் பரணில ரெண்டு மாசம் போட்டுக் காய விட்டது. உருண்டையை வைச்சுப் பிடிக்கிற தோல் பழைய சப்பாத்தின்ர நாக்கு. அதில சொல்ல ஒண்டும் இல்லை.

மண்ணில தான் முதல் பிரச்சினை. எங்கட பக்கம் மண் கொஞ்சம் மணல்க்கூட, உருட்டினா நிக்குது, காய்ஞ்சா விரலால நசிக்க உதிருது. கோப்பாயில இருக்கிற சகலன் தோட்டத்துச் செம்மண் ஒரு உரப்பை கொண்டு வந்து தந்தார். செம்மண் பாக்க நல்ல பிடிப்பு மாதிரி இருக்கும், ஆனா அதுக்குள்ளயும் மணல் நிறைய, போதாக்குறைக்குச் சின்னச் சின்னச் சுண்ணாம்புக்கல்லுத் துண்டுகள். யாழ்ப்பாணத்தில எங்க தோண்டினாலும் கீழ சுண்ணாம்புப் பாறை தானே. மா அரிதட்டால அரிச்சு (மனுசி பேசினது வேற கதை, புதுசு ஒண்டு வாங்கிக் குடுத்தாச்சு) எடுத்ததில உருட்டினன். அரிக்கேக்க தட்டில சுட்ட ரவையின்ர பித்தளைக் கோது ஒண்டு நிண்டுது, பச்சை பிடிச்சு, வாய்ப்பக்கம் நசிஞ்சு, அடியில ஊசி குத்தின அடையாளம் வடிவாத் தெரியுது. வெறுங்கோது எண்டபடியா எடுத்து வைச்சன். முழு ரவையோ வேற என்னவோ கண்டா தொடாமல் அப்பிடியே விட்டிட்டுப் பொலிசுக்குச் சொல்லுறதுதான் சரி. மண் எடுக்க எண்டு முகமாலைப் பக்கம் புதுசா எங்கயும் தோண்டப் போகவும் வேண்டாம், கண்ணிவெடி எடுக்கிற வேலை கன வருசமா நடந்த இடம் அது.

அரிச்ச மண்ணில உருட்டி நல்ல வெயில்ல போட்டன். சித்திரை வெயில், ஒரு நாளில காய்ஞ்சிட்டுது, அரைவாசி வெடிச்சும் போட்டுது. வெளிப்பக்கம் கெதியாக் காய்ஞ்சு சுருங்க உள்ளுக்கு இன்னும் ஈரம், வேற என்ன நடக்கும். அடுத்த முறை சாக்கால மூடி நிழல்ல ரெண்டு மூண்டு நாள், பிறகு வெயில்ல ஒரு நாள் எண்டு வைக்க வெடிப்பு நிண்டுட்டுது. காய்ஞ்சுதோ இல்லையோ எண்டு பாக்கிறது லேசு, ஒரு பத்து உருண்டையை எடுத்துக் காலமையும் பின்னேரமும் நிறுத்துப் பாக்க நிறை குறையாமல் நிண்டால் காய்ஞ்சிட்டுது.

இடையில கஞ்சித்தண்ணி விட்டுக் குழைச்சும் பாத்தன், பிடிப்பு வரும் எண்டு. பிடிப்பு வந்ததுதான், அதோட எறும்பும் வந்துது. போத்தலுக்குள்ள போட்டு வைச்சதைக் கரப்பொத்தானும் விடேல்லை. கஞ்சி வேண்டாம்.

பிறகு சுட்டுப் பாப்பம் எண்டு ஒரு ஆசை. கறள் பிடிச்ச பால்மா ரின்னுக்குள்ள உருண்டையைப் போட்டு, சுத்திவரச் சிரட்டைக்கரி அடுக்கி, பழைய ஹெயார் டிரையரால காத்தடிச்சன். கொஞ்ச நேரத்தில ரின்னுக்குள்ள பட்பட் எண்டு சத்தம், ஈரம் மிச்சம் இருந்ததெல்லாம் ஆவி வந்து வெடிச்சிட்டுது. மிச்சம் ரின் சிவக்கச் சிவக்க வெந்து செங்கட்டி நிறத்தில, தட்டினா 'டிங்' எண்டுற மாதிரி வந்துது. சரி, இதுதான் விசயம் எண்டு நினைச்சுப் போத்தலில போட்டு வைச்சன். ஒரு கிழமை போகப் பாத்தா உருண்டைகளில சிப்பு விட்டுக் கிடக்கு, சிலது ரெண்டாப் பிளந்து போச்சு. ஆர் தொட்டதெண்டு வீட்டில விசாரிச்சும் பாத்தன். பிளந்த ஒண்டை வெளிச்சத்தில பிடிச்சுப் பாக்க, சிப்பு விட்ட குழியின்ர நடுவில குண்டூசித் தலையளவு வெள்ளைப் புள்ளி. அது சுண்ணாம்புக்கல்லு. அரிதட்டால விழக்கூடிய பருமன் எண்டபடியா தப்பி வந்திட்டுது. நெருப்பில வெந்து நீறாத சுண்ணாம்பா மாறி, பிறகு காத்தில இருக்கிற ஈரத்தை இழுத்து ஊதி, உள்ளுக்கிருந்து உருண்டையைப் பிளந்து போட்டுது. சுவருக்குப் பூசச் சுண்ணாம்பு நீத்தினவைக்கு இது தெரிஞ்ச விசயம்தான், உருண்டைக்குள்ளயும் நடக்கும் எண்டு நான் யோசிக்கேல்லை. கடற்கரை மணல் கலந்தாலும் சிப்பித் துண்டால இதேதான் வரும்.

சுடுறதை அதோட விட்டன். அதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, சுட்ட உருண்டை தகரத்தில பட்டு உடையாமல் தெறிக்குது, அப்ப போளைக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம். மாமியின்ர கூரை அங்கதானே நிக்குது.

மண்ணை அரிக்கிறதை விடக் கரைச்சு வடிக்கிறது திறம் எண்டு பிறகுதான் பிடிபட்டுது. பெயின்ற் வாளியில அரைவாசிக்கு மண், மிச்சம் தண்ணி, தடியால நல்லாக் கலக்கிப்போட்டு ஒரு நிமிசம் பொறுக்க மணலும் கல்லும் கீழ போயிடும், மேல நிக்கிற கலங்கல் தண்ணியை மற்ற வாளிக்குள்ள ஊத்தி ஒரு ராத்திரி வைச்சா அடியில வெண்ணெய் மாதிரி வழுவழுவெண்ட களி. மேல் தண்ணியை வடிச்சு, களியைச் சாரத்துணியில கட்டித் தொங்கவிட்டு எடுக்கிறது. அது மட்டும் எண்டா காயேக்க கூடச் சுருங்குது, அதால மூண்டு பங்கு வடிச்ச களிக்கு ஒரு பங்கு புற்றுமண் இடிச்சு அரிச்சுச் சேத்தன். புற்று எண்டோடன அம்மா விடமாட்டன் எண்டு நிண்டவ, ஆளில்லாத பழைய புற்று, மழைக்கு இடிஞ்சு விழுந்த பக்கத்து மண் எண்டு காட்டின பிறகு தான் எடுக்க விட்டவ.

இவ்வளவும் செய்தும் அடி விழுகிற இடம் திருந்தேல்லை. அப்ப என்ர நினைப்பு என்னெண்டா, வேகம் காணாது எண்டு. அதுவரைக்கும் கட்டியிருந்த சைக்கிள் ரியூப்பைக் கழட்டி வைச்சிட்டு, ரவுணில விளையாட்டுச் சாமான் கடையில தேகப்பயிற்சிக்கு இழுக்கிற தட்டை றப்பர் 900 ரூபாக்கு வாங்கி, அதில ரெண்டு பட்டி வெட்டினன். கவர்ப்பக்கம் 22 மில்லிமீற்றர், தோல்ப்பக்கம் 14, இப்பிடி ஒடுங்கி வரோணும். கத்தரிக்கோலால வெட்டினா ஓரத்தில கண்ணுக்குத் தெரியாத வெட்டு விழுந்து அதால கிழியத் தொடங்கும், கண்ணாடிக்கு மேல வைச்சு இரும்பு அடிமட்டம் பிடிச்சுப் புது பிளேட்டால ஒரே இழுவை. கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் இழுக்க வேண்டாம், பட்டி அறுந்தா நேர முகத்துக்குத்தான் வரும். வேகம் நல்லாக் கூடினது, காதுக்கே விளங்குது, தகரத்தில விழுகிற சத்தமும் கூட. ஆனா பத்துக்கு ஐஞ்சு படுறது ஐஞ்சாவே நிண்டுது.

அந்த நேரம் தான் கனடாவில இருக்கிற ஒண்டுவிட்ட அண்ணை கோல் எடுத்தார். அவர் அல்பேர்ட்டாவில, நவம்பரில மான் வேட்டைக்குப் போறவர், லைசன்ஸ் எல்லாம் எடுத்து முறையாப் போறவர், ரவையும் கடையில வாங்கிறேல்லை, சுட்ட கோதை எடுத்துக் கழுவி அளவுக்கு நெரிச்சுத் திரும்ப வெடிமருந்து போட்டுத் தானே செய்யிறவர். அங்க அதுக்குத் தடையில்லை, இங்க அந்தக் கதையே கதைக்க ஏலாது. மண்ணுக்குள்ள எடுத்த கோதின்ர படத்தை நான் அனுப்பினதில தான் பேச்சே தொடங்கினது. அதைப் பற்றி ரெண்டு வசனம் கதைச்சிட்டு, உருண்டைக் கதை கேட்டவர், கேட்டுப்போட்டு ஒரே ஒரு கேள்வி:

"நிறுத்துப் பாத்தனியோ?"

"மண்ணுருண்டையை ஆர் அண்ணை நிறுப்பான்?"

"டேய், நான் 150 கிரெயின் சன்னத்தை ஒவ்வொண்டா நிறுக்கிறன், மருந்தைக் கிரெயினில பத்திலொண்டு வரைக்கும் நிறுக்கிறன். நீ கண்ணளவில உருட்டிப்போட்டு றப்பரைக் குறை சொல்லுறாய்."

சன்னம் எண்டா ரவையில இருந்து பறக்கிற குண்டு. 150 கிரெயின் எண்டா 9.7 கிராம், ஒரு கிராம் 15.4 கிரெயின். கிரெயினில பத்திலொண்டு எண்டா ஒரு கிராமில நூத்தியம்பதில ஒரு பங்கு. அந்த மனுசன் அதைப் பாத்துப் பாத்து அளக்கிறார், நான் உள்ளங்கையால உருட்டிறன். அதோட இன்னொண்டும் சொன்னவர், இதைத்தான் நான் சுவரில எழுதி வைச்சிருக்கிறன்: அடி விழுந்த ஓட்டையள் மேல கீழ இழுபட்டா வேகம் மாறுது எண்டு பார், இடம் வலமா இழுபட்டா உன்ர கையையும் காத்தையும் பார். ஒரு நேரத்தில ஒண்டை மட்டும் மாத்து.

யாழ்ப்பாணம் ரவுணில 0.01 கிராம் காட்டிற குட்டி டிஜிற்றல் தராசு ஒண்டு 1,500 ரூபா சொச்சத்துக்கு எடுத்தன். போத்தலில கிடந்ததில கைக்கு வந்த முப்பதை எடுத்து நிறுத்தா ஆகக் குறைஞ்சது 2.2 கிராம், ஆகக் கூடினது 4.1. கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு! காரணம் என்னெண்டு பாத்தா உருட்டினது மூண்டு பேர், நான், மனுசி, மகள். மகளின்ர உள்ளங்கை சின்னன், அவ உருட்டினது எல்லாம் 2.5க்கு உள்ள, என்ரது எல்லாம் 3.5க்கு மேல. நான் போத்தலுக்குள்ள கையை விட்டு எடுக்கேக்க ஆற்ற உருண்டை வருது எண்டு பாக்கிறேல்லை.

வேகத்தையும் பாக்க ஆசை வந்துது. வேகம் அளக்கிற மெசின் எல்லாம் இங்க எங்க போறது, ஃபோனே காணும். 10 மீற்றர் அளந்து, ஒரு அந்தத்தில நான், மற்ற அந்தத்தில தகரம், சரியா நடுவில பிளாஸ்ரிக் கதிரையில ஃபோன், சத்தம் பதியிற அப் போட்டு விட்டன். றப்பர் விடுபடுற சத்தமும் தகரத்தில படுற சத்தமும் ரெண்டும் ஃபோனுக்கு வர 5 மீற்றர் தான், அதால சத்தம் வந்து சேர எடுக்கிற நேரம் ரெண்டிலயும் ஒண்டு, கழிச்சுக் கூட்டத் தேவையில்லை. ஃபோனை என்னோட வைச்சிருந்தா படுற சத்தம் 10 மீற்றர் திரும்பி வர எடுக்கிற 0.03 செக்கனைக் கழிக்கோணும். பதிஞ்சதைக் கொம்பியூட்டரில போட்டுப் பெருப்பிச்சா ரெண்டு முள்ளு வடிவா நிக்கும், இடையில எவ்வளவு எண்டு பாக்கிறதுதான். மகளின்ர லேசு உருண்டை 0.22 செக்கன், என்ர பார உருண்டை 0.26. அதாவது செக்கனுக்கு 46 மீற்றர் கிட்ட ஒண்டு, 38 கிட்ட மற்றது.

இந்த 0.04 செக்கன் என்ன செய்யும் எண்டு ஒரு கணக்குப் போட்டன், பள்ளிக்கூடத்தில படிச்சதுதான், விழுகிற தூரம் 4.9ஐ நேரத்தின்ர வர்க்கத்தால பெருக்கிறது. 10 மீற்றர் போறதுக்குள்ள லேசு உருண்டை 23 சென்ரிமீற்றர் கீழ வருது, பாரம் 34. 15 மீற்றர் எண்டா 52, 76. ஒரே இடத்தைப் பாத்து, ஒரே மாதிரி இழுத்து, கை ஆடாமல் விட்டாலும் ரெண்டுக்கும் இடையில 24 சென்ரிமீற்றர், அதுவும் மேல கீழ. தகரம் ரெண்டடி, அதில ஒரு அடி கிட்ட உருண்டையே திண்டிட்டுது, மிச்ச ஒரு அடிதான் என்ர கைப்பிழைக்கு விட்ட இடம். கடதாசி மட்டையில அடிச்சுப் பாத்தா அப்பிடியேதான் கிடந்துது, அகலம் 15 சென்ரிமீற்றர், உயரம் 28, நெடுக்கா நிண்டுது. அண்ணை சொன்னது சரி.

அதுக்குப் பிறகு வேலை எல்லாம் ஒரே நிறைக்கு உருட்டிறதில தான். களியைக் குட்டிக் குட்டியாக் கிள்ளி ஒவ்வொண்டா நிறுத்துப் பாத்தன், சரிவரும், ஆனா ஒரு மணித்தியாலத்தில முப்பது கூட வராது. பிறகு பாமசியில 10 மில்லிலீற்றர் சிறிஞ் வாங்கி ஊசி பூட்டிற மூக்குப்பக்கத்தை வாளலகால அறுத்து விட்டன், வாய் முழுக்கத் திறந்த குழாய் ஆச்சு. அதைக் களிக்குள்ள குத்தி இழுத்து நிரப்பி, கோட்டைப் பாத்து 2 மில்லிலீற்றர் தள்ளி நூலால அறுக்க, ஒரு சிறிஞ்சுக்கு ஐஞ்சு துண்டு. ஈரத்தில ஒண்டு 4 கிராம் கிட்ட, காய்ஞ்சா 3 கிராம் சொச்சம். அண்ணைக்குக் காட்டினன், தானும் மருந்தை முதல்ல இப்பிடிக் கொள்ளளவால போட்டுப்போட்டுத்தான் தராசில வைக்கிறவராம்.

சிறிஞ்சில கவனிக்க வேண்டியது காத்து. களிக்குள்ள காத்துக்குமிழி நிண்டா 2 மில்லி எண்டு காட்டும், உள்ளுக்கு மண் இருக்காது. அதால களியைச் சீமெந்து நிலத்தில ஒரு இருவது தரம் ஓங்கி அடிச்சுக் குழைச்சுத்தான் நிரப்பிறது, ரொட்டிக்கு மா அடிக்கிற அடிதான். மற்றது, மண் சிறிஞ்சின்ர உள்பக்கத்தைக் கீறிப்போடும், ஒரு நூறு உருண்டைக்குப் பிறகு தண்டு இறுகத் தொடங்குது, ஓரத்தால கசியுது. ஒரு சிறிஞ் 50 ரூபா, ஐஞ்சாறு ஒண்டா வாங்கி வைக்கிறது நல்லம். பாமசியில எதுக்கெண்டு கேட்டவை, மண்ணுருண்டைக்கு எண்டன், அந்தப் பிள்ளை என்னை ஒரு மாதிரிப் பாத்திட்டுத் தந்தது.

உருட்டிறதிலயும் ரெண்டு தரம் வேணும். ஈரத்தோட உருட்டினா எலுமிச்சங்காய் மாதிரி ஒரு பக்கம் மொட்டு வைக்கும், உள்ளங்கையில ஒட்டவும் பாக்கும். சும்மா ஒரு உருட்டு உருட்டிச் சாக்கில வைச்சு ரெண்டு மூண்டு மணித்தியாலம் விட்டு, நகத்தால அமத்தினா அடையாளம் விழும், ஆனா ஒட்டாது எண்ட பதத்தில திரும்ப எடுத்து, மாபிளுக்கு மேல ஒரு பலகைத்துண்டால வட்டமா உருட்டோணும். அந்தப் பதத்தில தான் வட்டம் வரும், மேலும் மினுங்கும். ஈரத்தில 15.6 மில்லிமீற்றர் வந்தது காய 14.5. சகலன்ர வேலைத்தளத்தில வேர்னியர் வாங்கிப் பாத்தது, ஒரு உருண்டையை மூண்டு பக்கம் பிடிச்சா கால் மில்லிமீற்றருக்கு மேல வித்தியாசம் இல்லை. இப்பவும் மகள்தான் உருட்டிறா, நிறையைச் சிறிஞ் பாத்துக்கொள்ளும், ஆற்ற கை எண்டது பிரச்சினை இல்லை.

காய்ஞ்ச பிறகு நிறுத்தா எல்லாம் 2.9க்கும் 3.2க்கும் இடையில. அதில 3.0 தொடக்கம் 3.1 வரைக்கும் ஒரு போத்தல், மிச்சம் மற்றப் போத்தல். நூறில அறுபது எழுபது முதல் போத்தலுக்கு வரும். மற்றது வீணில்லை, காகத்துக்கு அது காணும்.

வேகம் திரும்பப் பாக்க எல்லாம் 0.24 செக்கனைச் சுத்தித்தான் நிக்குது, செக்கனுக்கு 42 மீற்றர். 10 மீற்றரில மட்டையில பத்து அடிச்சா அகலம் 13, உயரம் 11. அகலம் பெரிசாக் குறையேல்லை, அது என்ர கை. உயரம் 28 இருந்தது 11 ஆச்சு. றப்பரும் மாத்தேல்லை, கவரும் மாத்தேல்லை, நிண்ட இடமும் அதுதான்.

பழைய சைக்கிள் ரியூப்பைத் திரும்பக் கட்டியும் ஒருக்கால் பாத்தன், இதே 3 கிராம் உருண்டையோட. வேகம் 33 தான் வந்துது, ஆனா உருண்டை எல்லாம் ஒரு இடத்தில, புது றப்பருக்குப் பெரிசாப் பிந்தேல்லை, என்ன, கொஞ்சம் உயரப் பிடிக்கோணும். முதலே தராசு வாங்கியிருந்தா அந்த 900 மிஞ்சியிருக்கும். எண்டாலும் புது றப்பர் இழுக்க லேசு, மனுசியும் இப்ப அடிக்கிறா, அதால நட்டம் எண்டு சொல்ல ஏலாது.

இழுவை நீளம் ஒண்டா இருக்கோணும், அது உருண்டை நிறையைப் போல முக்கியம். நான் தோலைக் காதுச் சோணையில முட்டிற மட்டும் இழுத்து அங்க நிப்பாட்டிப்போட்டு விடுறன். முதல் முதல் கவரில ஒரு நூல் கட்டி 70 சென்ரிமீற்றரில முடிச்சுப் போட்டுப் பழகினது, இப்ப நூல் தேவையில்லை.

காத்துக்கு ஒண்டும் செய்ய ஏலாது. மாங்காய் நேரம் எண்டா சோளகம் (தென்மேல்ப் பருவக்காத்து), பத்து மணிக்குப் பிறகு மரமெல்லாம் ஒரு பக்கம் சாயும், 3 கிராம் மண்ணுருண்டையை அது நாலு விரல் தள்ளிக் கொண்டு போயிடும். அளந்து பாக்கிறதெல்லாம் காலமை ஏழு மணிக்கு முதல். மத்தியானம் அடிச்சு அளந்து அதை வைச்சு உருண்டை பிழை, றப்பர் பிழை எண்டு முடிவெடுத்தா எல்லாம் குழம்பும்.

வேலை செய்யுதோ எண்டு கேட்டா, கிளிக்கும் காகத்துக்கும் செய்யுது, தகரத்தில ஒண்டு விழுந்தா மரம் வெறிக்கும், இருவது நிமிசமாவது திரும்பி வராது. அணிலுக்கு அரைகுறை. மந்திதான் புத்திசாலி, முதல் கிழமை விழுந்தடிச்சு ஓடினது, பிறகு சத்தம் மட்டும்தான் எண்டு விளங்கிட்டுது போல, இப்ப கொப்பில இருந்து தகரத்தையும் என்னையும் மாறி மாறிப் பாக்குது. தகரத்தை ரெண்டு மூண்டு நாளைக்கொருக்கா வேற கொப்புக்கு மாத்தினா கொஞ்சம் எடுபடுது. மந்திக்கு இது முழு மருந்தில்லை, அதை நம்பி ஆரும் இறங்க வேண்டாம்.

செலவு எண்டு பாத்தா தராசு 1,500, றப்பர் 900, சிறிஞ் ஐஞ்சு 250, அரிதட்டு 400 (அதையும் கணக்கில சேர்க்கச் சொல்லி உத்தரவு). மண் சும்மா. தராசு மற்ற வேலைக்கும் உதவுது, மனுசி ஏலக்காய் நிறுக்கிறா.

அடுத்த முறை செய்யிறதெண்டா சுடுற வேலைக்கே போகமாட்டன், கஞ்சிக்கும் போகமாட்டன், நேர கரைச்சு வடிச்ச களியில தொடங்குவன், றப்பருக்கு முதல் தராசு. 2.5 மில்லிக்கு வெட்டி 3.8 கிராம் கிட்ட ஒரு தொகுதி செய்து பாக்க ஆசை இருக்கு, பாரம் கூடினா சோளகத்துக்குக் கொஞ்சம் நிண்டு பிடிக்கும், ஆனா வேகம் குறையும், எது கூட உதவும் எண்டு அடிச்சுப் பாத்தாத்தான் தெரியும். மாரிக்கு வைக்கிறதும் பாக்கோணும், சுடாத உருண்டை ஈரக்காத்தில இளகும், இப்ப வறுத்த அரிசி ஒரு பிடி அடியில போட்டுத் துணி விரிச்சு ஜாம் போத்தலில இறுக்கி மூடி வைச்சிருக்கிறன், ஐப்பசி மழைக்குப் பிறகு திறந்து ஒருக்கால் நிறுத்துப் பாக்கோணும். தச்சு வேலை செய்யிற ஒரு பெடியனிட்டை ரெண்டு பலகையில அரை அரைக் குழியாக் கடைஞ்சு ஒரு அச்சுக் கேட்டிருக்கிறன், ஒருக்கால் அமத்தினா இருவது உருண்டை வாற மாதிரி. வேப்பம் பலகையில செய்யட்டோ பனையில செய்யட்டோ எண்டு கேட்டவன், பனையில வைரம் நார் நாராக் கிளம்பும், களி ஒட்டும், வேம்பில செய் எண்டு சொல்லியிருக்கிறன்.